29 லிட்டர் தண்ணி, 16 ஆம்ப் சாக்கெட்: வீட்ல பீர் காய்ச்ச கரண்ட் ஹீட்டிங் எது எடுக்கலாம்?

கெட்டில்காரன்
வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா வீட்ல பீர் காய்ச்சறேன், முதல்ல மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளை கட்டி உலர்த்தின தானியத்துல இருந்து எடுத்த ரெடிமேட் சாறு), இப்ப ஒரு பத்து பன்னண்டு பேட்ச் முழு தானியத்துல, பையில போட்டு மாஷ் பண்ற, அதாவது சூடு தண்ணியில ஊற வெச்சு சர்க்கரைய இறக்கற முறைதான். இதுவரைக்கும் கேஸ் அடுப்பு. பெரிய பானைய சமையல் அடுப்பு மேல வெச்சா பாதி பர்னர் மறைஞ்சு போகுது, கொதி வரவே ஒன்றரை மணி நேரம், அதுவும் நடுவுல மட்டும் லேசா குமிழி விடும், ஓரத்துல அசைவே இருக்காது. போன தடவ பில்ஸ்னர் மால்ட் போட்டேன், பீர்ல வேக வெச்ச சோளம் மாதிரி ஒரு வாசனை. கொதி பத்தலன்னுதான் நெனைக்கறேன்.

அதனால கரண்டுக்கு மாறிடலாம்னு முடிவு. 20 லிட்டர் பீர் கைக்கு வரணும், ஆரம்ப தண்ணி 29 லிட்டர் கிட்ட வருது. 40 லிட்டர் ஸ்டீல் பானை இருக்கு. இண்டக்‌ஷன், பானையில ஓட்டை போட்டு எலிமெண்ட், எல்லாம் சேர்ந்து வர்ற மெஷின், இப்படி மூணையும் மாத்தி மாத்தி பாத்துட்டே இருக்கேன், ஒரு மாசமா முடிவு வரல. எது எடுக்கலாம்?

பையில்மாஷ்
இண்டக்‌ஷன் எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். நான் மூணு வருஷமா அதுதான். பானையில ஓட்டை போட வேணாம், ஒயரிங் வேணாம், முடிஞ்சதும் தொடச்சு அலமாரியில வெச்சிடலாம். பானை அடியில காந்தம் ஒட்டணும், அது மட்டும் பாத்துக்கோங்க. சும்மா 304 ஸ்டீல் அடின்னா ஒட்டாது, அடியில இரும்பு சேர்ந்த தட்டு வெச்சு அழுத்துனதா இருக்கணும்.

ஓம்விதி
கெட்டில்காரன் தம்பி, நீங்க பானையச் சொன்னீங்க, தண்ணியச் சொன்னீங்க, சாக்கெட் பத்தி ஒண்ணுமே சொல்லல. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, முதல்ல ஹீட்டர் வாங்கிட்டு அப்புறம் அத எங்க சொருகறதுன்னு தேடறது. நான் எலெக்ட்ரிக்கல் வேலைதான் பாக்கறேன், அதனால இதுல கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வோல்டேஜ் எவ்வளவு, அந்த சாக்கெட் எத்தன ஆம்ப், பின்னாடி இருக்கற எம்சிபி (கரண்ட் கூடினா கட் ஆகற ஸ்விட்ச்) எத்தன ஆம்ப், ஒயர் எத்தன ஸ்கொயர் எம்எம், அதே லைன்ல வேற என்ன ஓடுது, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கா, எர்த் சரியா இருக்கா. இந்த பதில் வந்தாலே உங்க மூணு சாய்ஸ்ல ஒண்ணு தானா விழுந்துடும்.

கெட்டில்காரன்
அண்ணே, 230 வோல்ட். 16 ஆம்ப் சாக்கெட் ஒண்ணு தனி லைன்ல இருக்கு, எம்சிபி 16. ஒயர் 2.5ன்னு எழுதியிருக்கு. ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப், மொத்த வீட்டுக்கும் ஒண்ணு.

ஓம்விதி
நல்லது, இது பரவால்ல. 16 ஆம்ப்ன்னா கணக்குல 3680 வாட் வருது, ஆனா ரெண்டு மூணு மணி நேரம் விடாம ஓடற லோட நான் எப்பவும் 80 சதவீதத்துல நிறுத்துவேன், அப்ப 13 ஆம்ப் கிட்ட. அதாவது 3 கிலோவாட். 3.5 எடுத்தா 15.2 ஆம்ப் ஓடும், எம்சிபி ட்ரிப் ஆகாம தாங்கலாம், ஆனா பிளக்கும் சாக்கெட்டும் சூடாகும்.

இத சும்மா பயமுறுத்த சொல்லல. ஒரு நண்பர் வீட்ல கொதி ஓடிட்டிருக்கும்போது போய் பாத்தேன், பிளக்க தொட்டதும் கைய எடுத்துட்டேன், அவ்வளவு சூடு. கழட்டி பாத்தா ஒரு ஸ்க்ரூ அரை சுத்து லூஸ், அந்த பக்கம் பித்தளை கறுப்பா நிறம் மாறி, பிளாஸ்டிக் ஓரம் உருகி லேசா வளைஞ்சிருந்துச்சு. லூஸ் காண்டாக்ட்ல வெறும் 0.1 ஓம் இருந்தாலே 13 ஆம்ப்ல 13 × 13 × 0.1, கிட்டத்தட்ட 17 வாட், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்த ஸ்க்ரூ முனையில உக்காந்திருக்கு. எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா கரண்ட் கூடவே இல்லையே. மாசம் ஒரு தடவ ஸ்க்ரூ டைட் பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்டிப்பா வேணாம், அதுலயும் சுருட்டி வெச்ச ஒயர்ல போட்டா சூடு வெளிய போக வழியே இருக்காது.

ஹாப்ஸ்கொடி
எல்லாம் சேர்ந்த மெஷின் பத்தி நான் சொல்றேன். நாலு வருஷமா ஒண்ணு வெச்சிருக்கேன், அடித்தட்டுக்கு கீழ எலிமெண்ட், பம்ப், கன்ட்ரோலர், மால்ட் தூக்கற சல்லடைக் கூடை எல்லாம் உள்ளயே. சுத்தம் பண்றது ரொம்ப ஈஸி ஏன்னா வோர்ட்டுக்குள்ள (மாஷ்ல இருந்து வர்ற சர்க்கரைத் தண்ணி) எலிமெண்ட்டே கிடையாது. காலைல டைமர் வெச்சா எழுந்திருக்கும்போது தண்ணி 67ல நிக்கும். இதெல்லாம் உண்மையிலயே சுகம்.

ஒரே ஒரு கஷ்டத்தையும் சொல்லணும். மாஷ்ல இருந்து நழுவற மாவு அடித்தட்டுல படிஞ்சு ஒட்டிச்சுன்னா அங்க சூடு ஏறி உள்ள இருக்கற பாதுகாப்பு ஸ்விட்ச் கட் பண்ணிடும். என்னோடதுல அதை ரீசெட் பண்ற பட்டன் அடியில இருக்கு. கொதிக்கற 25 லிட்டர் மேல இருக்கும்போது அடியில எப்படி கை விடறது? ஒரு தடவ அப்படியாகி, வோர்ட்ட முழுக்க இன்னொரு பானைக்கு மாத்தி, மெஷின கவுத்து பட்டன அழுத்தி, திரும்ப ஊத்தினேன். ஒரு மணி நேரம் போச்சு. இப்ப நான் நாலு கல் மேல, பட்டன் இருக்கற இடம் திறந்து இருக்கற மாதிரி மெஷின வெச்சுதான் காய்ச்சறேன். வாங்கறவங்க கடையிலயே கவுத்து பாத்து பட்டன் எங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

புதுஈஸ்ட்
நான் புதுசு, ஒரு கேள்வி. பக்கெட்ல குளிக்க தண்ணி சுட வைக்கற இம்மர்ஷன் ராடு 1500 வாட் இருக்கே, அத ரெண்டு போட்டா 3000 ஆச்சே? அது பத்தாதா?

மால்ட்வாசம்
புதுஈஸ்ட் தம்பி, தயவு செஞ்சு வோர்ட்ல அத போடாதீங்க. நான் போட்டு ஒரு பேட்ச் முழுக்க கீழ ஊத்தினவ.

பாதிக்கு பாதி கோதுமை மால்ட் போட்ட பீர். கொதி நல்லாத்தான் வந்துச்சு, அரை மணி நேரத்துல மூக்குல ஒரு அடிப்பிடிச்ச வாசனை, ஹாப்ஸ் (கசப்புக்கு போடற பூ) வாசனைன்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டேன். முடிஞ்சு ராட தூக்கி பாத்தா கறுப்பா தார் மாதிரி ஒரு ஓடு, விரல் நகத்தால கீறினா செதிலா உரிஞ்சுது, உள்பக்கம் பழுப்பா பிசினா இருந்துச்சு. பீர் நொதிச்சு முடிஞ்சா சாம்பல் வாசனை போயிடும்னு மூணு வாரம் காத்திருந்தேன், போகவே இல்ல. தீஞ்ச ருசி காலத்தால கரையாது, இத எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க.

காரணம் வாட்டேஜ் இல்ல, அந்த வாட்டேஜ் எவ்வளவு பரப்புல பரவுதுங்கறதுதான். ராடு 8 எம்எம் தடிமன், சூடாகற நீளம் 40 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. பரப்பு 3.14 × 0.8 × 40, அதாவது 100 சதுர சென்டிமீட்டர். 1500 வாட்ட அதுல வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 15 வாட். தண்ணிக்கு இது பரவால்ல, தண்ணி ஓடி ஓடி சூட்ட எடுத்துட்டு போயிடும். வோர்ட்ல சர்க்கரை, புரதம், மாவு எல்லாம் இருக்கு, அது உலோகத்து மேலயே உக்காந்து தீயும். இப்ப நான் வெச்சிருக்கறது மடிச்சு மடிச்சு வளைச்ச நீள எலிமெண்ட், அதே 8 எம்எம், ஆனா சூடாகற நீளம் ஒன்றரை மீட்டர், 3000 வாட். பரப்பு 377, வகுத்தா 8 வாட் கிட்ட. வாட்டேஜ் ரெட்டிப்பு, தோல் மேல சூடு பாதி. இதைத்தான் அல்ட்ரா லோ வாட் டென்சிட்டின்னு விக்கறாங்க, பாக்கெட்ல சதுர அங்குலத்துக்கு 50 வாட்டுன்னு போட்டிருக்கும், அதுவும் இதே அளவுதான். வாங்கினா அதத்தான் வாங்கணும்.

அப்புறம் அந்த ராடுங்க நெறைய தாமிரத்து மேல பூச்சு போட்டது, பூச்சு உரியும். கொதி ஆவி ஒரு மணி நேரமா மேல இருக்கற பிளாஸ்டிக் பிடிக்குள்ள ஏறுதே, அது வேற ஆபத்து.

ஓம்விதி
மால்ட்வாசம் அக்கா சொன்னத அப்படியே ஒத்துக்கறேன். கரண்ட் பக்கத்துல இருந்து சேர்க்கணும்னா, ரெண்டு ராடும் ஒரே சாக்கெட்ல மல்டிபிளக் வழியா போட்டா மேல சொன்ன உருகின கதைதான்.

பையில்மாஷ்
அதனாலதான் இண்டக்‌ஷன்னு சொல்றேன். அக்கா கணக்கையே எடுத்துக்கோங்க, அடியில 20 சென்டிமீட்டர் வட்டத்துல சூடு இறங்குதுன்னா 314 சதுர சென்டிமீட்டர், 1800 வாட்டுக்கு 6 வாட் கூட வரல. எலிமெண்ட்ட விட மென்மை.

ஓம்விதி
அந்த கணக்கு சரி, ஆனா கெட்டில்காரனோட பேட்சுக்கு பவர் பத்துமான்னு பாருங்க. ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4.186 கிலோஜூல். 29 லிட்டர் 25 டிகிரில இருந்து 70க்கு போகணும்னா 5460 கிலோஜூல் கிட்ட, அது 1.5 யூனிட் கரண்ட். 3 கிலோவாட்ல அரை மணி நேரம். வீட்டு இண்டக்‌ஷன் 2 கிலோவாட்னு எழுதியிருந்தாலும் பானைக்குள்ள போறது 1.7 கிட்டதான், அப்ப 54 நிமிஷம். அப்புறம் பைய தூக்கின பிறகு 25 லிட்டர் சொச்சம், 66ல இருந்து 100. அதுக்கு 1 யூனிட். 3 கிலோவாட்ல 20 நிமிஷம், இண்டக்‌ஷன்ல 35, ஆனா 90 தாண்டினா திறந்த பானையில இருந்து சூடு வெளிய போறதும் கூடிட்டே வரும், அதனால நிஜத்துல இன்னும் இழுக்கும்.

முக்கியமானது அடுத்தது. ஒரு கிலோவாட் முழுசா கொதிக்கு போனா மணிக்கு 1.6 லிட்டர் ஆவியாகும். பானை பக்கவாட்டுல ஒரு 400 வாட் தப்பிச்சு போகுதுன்னு வெச்சா, இண்டக்‌ஷன்ல மிச்சம் 1.3, அதாவது மணிக்கு 2 லிட்டர். 3 கிலோவாட்ல 4 லிட்டர் தாண்டும். நீங்க 20 லிட்டர் பேட்சா பண்றீங்க பையில்மாஷ்?

பையில்மாஷ்
இல்லண்ணே, நான் 12 லிட்டர்தான் பண்றேன். அது சொல்லாம விட்டது என் தப்பு. 12 லிட்டருக்கு கொதி புரண்டு புரண்டு வருது, அந்த நெனப்புலயே சொல்லிட்டேன். இன்னொண்ணும் இப்ப ஞாபகம் வருது, என் அடுப்பு கையேட்டுல எடை வரம்பு போட்டிருக்கு, 40 லிட்டர் பானையில தண்ணியும் மால்ட்டும் சேர்ந்தா 35 கிலோ ஈஸியா தாண்டும், வீட்டு இண்டக்‌ஷன் கண்ணாடி அதுக்கு பண்ணதில்ல. கெட்டில்காரன், 20 லிட்டருக்கு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். சின்ன பேட்ச் பண்றவங்களுக்கு மட்டும் என் ஓட்டு இன்னமும் இண்டக்‌ஷன்தான், அதுல மாத்தமே இல்ல.

கெட்டில்காரன்
அந்த சோள வாசனைக்கு காரணம் கொதிதானா? இத யாராவது உறுதியா சொல்லுங்க, ஏன்னா அதுக்காகத்தான் இவ்வளவும்.

மால்ட்வாசம்
பெரும்பாலும் அதுதான் தம்பி. டிஎம்எஸ்னு சொல்ற கந்தகப் பொருள், மால்ட்ல இருக்கற எஸ்எம்எம்ங்கற இன்னொரு பொருள்ல இருந்து சூட்டுல உருவாகுது, பில்ஸ்னர் மால்ட்ட கம்மி சூட்டுல உலர்த்தறதால அதுல எஸ்எம்எம் அதிகம் தங்கிடும். கொதிச்சா டிஎம்எஸ் ஆவியோட போயிடும், ஆனா போக வழி இருக்கணும், மூடி போட்டு கொதிக்க விட்டா திரும்ப உள்ளயே சொட்டும். நீங்க கொதி வரலன்னு மூடி பாதி மூடியிருப்பீங்களே?

கெட்டில்காரன்
முக்கால்வாசி மூடியே வெச்சிருந்தேன் அக்கா. மூடிய எடுத்தா கொதி நின்னுடும்.

மால்ட்வாசம்
அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. மூடி இல்லாம புரண்டு கொதிக்கற அளவுக்கு பவர் வேணும், பில்ஸ்னர்னா 90 நிமிஷம் கொதிக்க விடுங்க.

நூத்திருபதுவோல்ட்
நான் இருக்கற எடத்துல சாதா சாக்கெட் 120 வோல்ட், அந்த மாதிரி இடத்துல இருந்து படிக்கறவங்களுக்காக எழுதறேன். 240 வோல்ட்டுக்கான 5500 வாட் எலிமெண்ட்ட 120ல போட்டா பாதி பவர் வரும்னு நெனைச்சு வாங்கினேன், கால்வாசிதான் வந்துச்சு, 1375 வாட். வோல்டேஜ் பாதியானா கரண்ட்டும் பாதியாகுது, ரெண்டும் சேர்ந்து நாலுல ஒண்ணு. இப்ப 20 ஆம்ப் லைன் ரெண்டு, வேற வேற பிரேக்கர், ஒவ்வொண்ணுலயும் 1500 வாட் எலிமெண்ட் ஒண்ணு. துணி உலர்த்தற மெஷினுக்கு 240 வோல்ட் 30 ஆம்ப் லைன் இருக்கற வீடுன்னா, அங்க அதே 5500 வாட்ட முழுசா ஓட்டலாம், 23 ஆம்ப் எடுக்கும், 20 லிட்டர் என்ன 40 லிட்டர் பேட்சே பண்ணலாம். ஆனா அந்த லைன்ல ஆர்சிசிபி மாதிரி பாதுகாப்பு அனேகமா இருக்காது, அத தனியா சேர்க்கணும்.

ஓம்விதி
இது ரொம்ப உபயோகமான பாயிண்ட். இதே விதி 230லயும் உண்டு, சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு விழுந்தா 3000 வாட் எலிமெண்ட் 2270 வாட்தான் கொடுக்கும். கொதி ஒரு நாள் நல்லா, ஒரு நாள் சோம்பலா வருதுன்னா மல்டிமீட்டர எடுத்து சாக்கெட்ல பாருங்க.

கெட்டில்காரன்
சரி, 3 கிலோவாட் மடிச்ச எலிமெண்ட், ஸ்டீல் உறை, பானையில ஓட்டை. முடிவு பண்ணிட்டேன். எல்லாம் சேர்ந்த மெஷின் இந்த பானைய வீணாக்கிடும், அதோட ஹாப்ஸ்கொடி சொன்ன பட்டன் கதை மனசுல நிக்குது. அடுத்து கன்ட்ரோலர். பிஐடி (சூட்ட பாத்து பவர கூட்டிக் குறைக்கற கருவி), எஸ்எஸ்ஆர் (அது சொல்றபடி கரண்ட ஆன் ஆஃப் பண்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்), பம்ப் எல்லாம் ஒண்ணா வாங்கிடலாமா?

ஹாப்ஸ்கொடி
வாங்கிடுங்க, பம்ப் இல்லாம மாஷ்ல எலிமெண்ட் போட்டா அடியில 75 இருக்கும், மேல 63 இருக்கும். பம்ப் சுத்தி சுத்தி விட்டாதான் ஒரே சூடு.

மால்ட்வாசம்
எனக்கு இதுல வேற கருத்து. ஒரே சூட்டுல ஒரு மணி நேரம் மாஷ் பண்றவருக்கு எதுக்கு முதல் நாளே பம்ப்? பானைய நல்லா கனமா போர்த்தி விட்டா 29 லிட்டர் ஒரு மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் இறங்கும். 67ல ஆரம்பிச்சு 65ல முடிஞ்சா பீர் ஒண்ணும் கெட்டுப் போகாது. மாவ சர்க்கரையாக்கற என்சைம் ரெண்டுல பீட்டா அமைலேஸ் 60ல இருந்து 65 வரைக்கும் சந்தோஷமா வேலை செய்யும், ஆல்ஃபா 70 பக்கம், நடுவுல இருக்கறது ரெண்டுக்கும் பொது. 63, 72, 78னு படி படியா ஏத்தறவங்களுக்கு பம்ப் அவசியம், அத மறுக்கல. ஆனா முதல்ல எலிமெண்ட்டோட பழகுங்க. மாஷ் நேரத்துல எலிமெண்ட ஆஃப் பண்ணிடுங்க, அவ்வளவுதான்.

ஆன்ல விட்டா இன்னொண்ணு நடக்கும். என் பழைய பை எலிமெண்ட் மேல உக்காந்து, அதோட வளைவு அப்படியே அச்சு எடுத்த மாதிரி பழுப்பு கோடா விழுந்துச்சு, ஒரு இடத்துல நூல் உருகி ரெண்டு விரல் நுழையற ஓட்டை. மால்ட் பூரா கீழ. எலிமெண்ட்டுக்கு மேல ஒரு ஸ்டீல் சல்லடைத் தட்டு, கால் வெச்சது, கண்டிப்பா போடணும்.

ஓம்விதி
பம்ப் விஷயத்துல நான் தலையிடல. எஸ்எஸ்ஆர் பத்தி மட்டும் சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் ஆளுங்க அசட்டையா இருக்காங்க.

13 ஆம்ப் ஓடும்போது எஸ்எஸ்ஆர்குள்ள 1.2 வோல்ட் கிட்ட விழும், அது 15 வாட் சூடு. ஹீட் சிங்க் (சூட்ட வெளிய கடத்தற உலோகத் துண்டு) இல்லாம மூடின டப்பாவுக்குள்ள வெச்சா சீக்கிரம் போயிடும். 40 ஆம்ப்னு எழுதியிருக்கறது நல்ல ஹீட் சிங்க் இருந்தாதான், அதனால 13க்கு 40 எடுத்து சிங்க்கோட போடுங்க. முக்கியமா, எஸ்எஸ்ஆர் செத்தா அனேகமா ஆன்லயே சாகும். பிஐடி ஆஃப்னு காட்டும், லைட் அணைஞ்சிருக்கும், எலிமெண்ட் மட்டும் முழு வேகத்துல ஓடிட்டே இருக்கும். பானை காலியா இருந்தா எலிமெண்ட் சிவந்து போயிடும். நீங்க கிட்ட இல்லன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். அதனால எஸ்எஸ்ஆருக்கு முன்னாடி ரெண்டு ஒயரையும் வெட்டற மெயின் ஸ்விட்சோ கான்டாக்டரோ இருக்கணும், வேலை முடிஞ்சதும் பிளக்கையும் உருவிடணும். பானை உடம்பு எர்த்தோட சேர்ந்திருக்கணும், பெயிண்ட் இல்லாத இடத்துல நட்டு போல்ட்டு வெச்சு. டப்பாவ பானைக்கு மேல மாட்டாதீங்க, ஆவி நேரா அதுக்குள்ளதான் போகும். ஒயரிங் பண்ண பழக்கம் இல்லன்னா லைசென்ஸ் இருக்கற எலெக்ட்ரீஷியன கூப்பிடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ஹாப்ஸ்கொடி
கொதி நேரத்துல பிஐடிய 100 டிகிரின்னு செட் பண்ணாதீங்க. உயரமான ஊர்ல தண்ணி 97லயே கொதிக்கும், பிஐடி 100 வரணும்னு முழு பவர் கொடுத்துட்டே இருக்கும், நுரை பொங்கி வெளிய வந்துடும். மேனுவல் மோடுக்கு மாத்தி பவர் சதவீதத்துல ஓட்டுங்க. நுரை எழும்பும்போது 50க்கு இறக்கி, அடங்கினதும் 80, 85ன்னு ஏத்திக்கலாம்.

கெட்டில்காரன்
*(ரெண்டு வாரம் கழிச்சு)*
எலிமெண்ட் வந்துடுச்சு, மாட்டிட்டேன். ஆனா ஆன் பண்ண ஒடனே ஆர்சிசிபி ட்ரிப். மூணு தடவையும் அதே. பானையில தண்ணி இருக்கு, கசிவு எதுவும் இல்ல, டெர்மினல் காஞ்சுதான் இருக்கு. ஏமாந்துட்டேனோன்னு இருக்கு.

ஓம்விதி
திரும்ப திரும்ப ஆன் பண்ணாதீங்க. பிளக்க உருவிட்டு மல்டிமீட்டர்ல ரெண்டு டெர்மினல் நடுவுல பாருங்க, 3 கிலோவாட் 230 வோல்ட்டுன்னா 17.6 ஓம் பக்கம் வரணும். அப்புறம் ஒரு டெர்மினலுக்கும் ஸ்டீல் உறைக்கும் நடுவுல பாருங்க, அங்க ஒண்ணுமே காட்டக் கூடாது.

கெட்டில்காரன்
நடுவுல 17.8. உறைக்கு வெச்சா ஏதோ ஒரு ரீடிங் ஆடிட்டே காட்டுது.

ஓம்விதி
எலிமெண்ட் கெட்டுப் போகல, ஈரம் குடிச்சிருக்கு. உள்ள கம்பிக்கும் உறைக்கும் நடுவுல அடைச்சிருக்கறது மெக்னீசியம் ஆக்சைடு பவுடர், அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், குடோன்ல ரொம்ப நாள் கிடந்தா இப்படி ஆகும். எலிமெண்ட்ட கழட்டி, கேஸ்கட், பிளாஸ்டிக் மூடி எல்லாம் எடுத்துட்டு, ஓவன்ல 120 டிகிரில நாலஞ்சு மணி நேரம் வெச்சு உலர்த்துங்க. ஆறினதும் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் கிட்ட மெகர் (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) இருந்தா 500 வோல்ட்ல டெஸ்ட் பண்ண சொல்லுங்க, 1 மெகா ஓமுக்கு நல்லா மேல இருக்கணும். இல்லன்னா திருப்பி கொடுத்துடுங்க. ட்ரிப் ஆகுதேன்னு ஆர்சிசிபிய பைபாஸ் மட்டும் பண்ணிடாதீங்க, எர்த்த கழட்டிடாதீங்க. அது தன் வேலைய சரியா செஞ்சிருக்கு.

கெட்டில்காரன்
*(மறுநாள்)*
அஞ்சு மணி நேரம் வெச்சேன். மல்டிமீட்டர் இப்ப எதுவும் காட்டல, மெகர்ல 200 மெகா ஓமுக்கு மேலன்னு சொன்னாரு எலெக்ட்ரீஷியன். ஆர்சிசிபி இப்ப ட்ரிப் ஆகல. ஓம்விதி அண்ணே, மனசார நன்றி, நான் திருப்பி அனுப்ப பார்சலே கட்டிட்டேன்.

கெட்டில்காரன்
*(மூணு வாரம் கழிச்சு)*
ரெண்டு பேட்ச் முடிஞ்சுது, விவரம் எழுதணும்னு இருந்தேன்.

29 லிட்டர் 26ல இருந்து 70க்கு 33 நிமிஷம். எலிமெண்ட ஆஃப் பண்ணி சல்லடைத் தட்டு மேல பைய இறக்கி, அஞ்சு கிலோ மால்ட் கொட்டி கிளறினதும் 66.5. ரெண்டு கனமான போர்வை சுத்தினேன், ஒரு மணி நேரம் கழிச்சு 65. பம்ப் இல்ல. பைய தூக்கினதும் கொதி வர 24 நிமிஷம். மூடி இல்லாம முழு பரப்பும் புரண்டுச்சு, இத்தன வருஷத்துல என் பானையில அப்படி ஒரு கொதிய நான் பாத்ததே இல்ல, பத்து நிமிஷம் சும்மா நின்னு பாத்துட்டே இருந்தேன். 85 சதவீதத்துல 90 நிமிஷம், 5 லிட்டர் போச்சு, அடுத்த தடவ ஆரம்பத்துலயே தண்ணிய கூட்டிக்கணும். மொத்தம் மீட்டர்ல ஆறரை யூனிட் கிட்ட.

அஞ்சு லிட்டர் ஆவியும் ரூம்லதான் போச்சு, சீலிங்ல முத்து முத்தா நின்னு ஒண்ணு ரெண்டு கழுத்துல சொட்டுச்சு. ரெண்டாவது பேட்சுக்கு ஜன்னல் பக்கத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் கிட்ட வெச்சுட்டேன், அதுக்கப்புறம் பிரச்சன இல்ல.

எலிமெண்ட் மேல லேசா பழுப்பு படலம், தொட்டா வழுக்கற மாதிரி. கறுப்பு இல்ல. எப்படி கழுவறது?

மால்ட்வாசம்
அந்த வழுக்கற படலம் புரதம், அது இருக்கத்தான் செய்யும். சூடான தண்ணியில சோடியம் பெர்கார்பனேட் போட்டு எலிமெண்ட் மூழ்கற அளவுக்கு ஊத்தி 60 டிகிரில அரை மணி நேரம் விடுங்க, மெத்துன்னு துணியால தொடச்சா வந்துடும். இரும்பு நார் வேணாம், கீறல்ல அடுத்த தடவ ஒட்டும். ஆறேழு பேட்சுக்கு ஒரு தடவ வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும், அதுக்கு சிட்ரிக் ஆசிட். ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க, ஒண்ண கழுவி ஊத்திட்டு அடுத்தது.

அந்த பில்ஸ்னர் ருசி பாத்தாச்சா?

கெட்டில்காரன்
நேத்துதான் முதல் பாட்டில் திறந்தேன் அக்கா. சோள வாசனை துளி கூட இல்ல. மால்ட் வாசனை சுத்தமா, ஹாப்ஸ் பின்னாடி கசப்பா நிக்குது. அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே அளவுதான்.

புதுஈஸ்ட்
அண்ணே அந்த சல்லடைத் தட்டுக்கு கால் எவ்வளவு உயரம் வெச்சீங்க? நானும் இதே மாதிரி பண்ணப் போறேன்.

கெட்டில்காரன்
எலிமெண்ட்டோட மேல் வளைவுல இருந்து ரெண்டு விரல் இடைவெளி விட்டேன், என் பானையில அது 9 சென்டிமீட்டர் வந்துச்சு. மூணு ஸ்டீல் போல்ட்டுதான் கால். எலிமெண்ட்ட மாட்டிட்டு அப்புறம் அளந்து கால் வெட்டுங்க, நான் முன்னாடியே வெட்டி ஒரு செட் போல்ட்டு வீணாச்சு.